வான்கோழிக்கு வைத்த மின்சாரம்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றால் நம்மில் பலருக்குப் பட்டமும் சாவியும்தான் நினைவுக்கு வரும். சிலருக்கு அமெரிக்க நூறு டாலர் நோட்டில் இருக்கும் முகம். இடி மழையில் பட்டம் விட்டார், மின்னலும் மின்சாரம்தான் என்று காட்டினார், இடிதாங்கியைக் கண்டுபிடித்தார் என்று மூன்று வரியில் அவரை முடித்துவிடுகிறோம்.

எனக்கு அவர் வேறு வழியில் அறிமுகமானார். பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்கிறேன். தொழிற்சாலை மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் தொழிற்பயிற்சி செய்தேன். அங்கே முதல் வாரம் முழுக்க இரண்டே விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. இந்த இரண்டு எச்சரிக்கையும் எங்கிருந்து தொடங்கின என்று தேடிப் படித்தால், இரண்டு தடமும் 1750களின் பிலடெல்பியாவில் ஒரே வீட்டு வாசலில் போய் நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர் பொறியாளர் இல்லை. அச்சகம் நடத்தியவர்.

பிராங்க்ளின் 1706 ஜனவரி 17ஆம் தேதி பாஸ்டனில் பிறந்தார். தந்தை ஜோசையா மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் இவர் 15ஆவது. பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழக விட்டார்கள். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை; 17 வயதில் வீட்டைவிட்டு ஓடி பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஏறுமுகம்தான். 1729இல் ஒரு செய்தித்தாளை வாங்கி நடத்தினார். 1731இல் நண்பர்களோடு சேர்ந்து சந்தா நூலகம் ஒன்றைத் தொடங்கினார். 1732 முதல் அவர் புனைபெயரில் வெளியிட்ட பஞ்சாங்கம் வீட்டுக்கு வீடு போனது. 1736இல் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றையும் ஏற்படுத்தினார். வீடுகள் நெருங்கி நின்ற ஊர் அது. வீடு தீப்பிடிப்பது எப்படி என்பதை மின்சாரத்துக்கு வரும் முன்பே கண்ணால் பார்த்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1748இல், 42 வயதில், அச்சக வேலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். பணம் சேர்ந்தாயிற்று, இனி ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஆசை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆசை தொற்றியிருந்தது. லண்டன் வணிகர் பீட்டர் காலின்சன் நூலகத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயை அனுப்பியிருந்தார். அதைத் துணியால் தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகும். அதே காலத்தில் ஐரோப்பாவில் லெய்டன் ஜாடி பரபரப்பாகப் பேசப்பட்டது. உள்ளும் புறமும் உலோகம் படிந்த ஒரு கண்ணாடி ஜாடி, அவ்வளவுதான். தேய்த்து எடுத்த மின்னூட்டத்தை அதில் சேர்த்து வைக்கலாம். ஒரு கையால் ஜாடியின் வெளிப்புறத்தைப் பிடித்து, மறு கையால் உள்ளிருந்து வரும் கம்பியைத் தொட்டால் உடம்பே குலுங்கும். அரசவைகளில் இதை வேடிக்கையாகச் செய்து காட்டினார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

புரியவைத்தவர் பிராங்க்ளின். ஜாடியின் ஒரு பக்கம் எவ்வளவு கூடுகிறதோ, மறு பக்கம் அவ்வளவு குறைகிறது என்றார். கூடியதை நேர் என்றும் குறைந்ததை எதிர் என்றும் அழைத்தார். இன்று பேட்டரியின் இரு முனைகளிலும் நாம் பார்க்கும் கூட்டல், கழித்தல் குறிகள் அவர் போட்டவைதான். பல ஜாடிகளைச் சேர்த்த தொகுப்புக்குப் பேட்டரி என்று பெயர் வைத்ததும் அவரே. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மின்னூட்டம் ஜாடிக்குள் எங்கே இருக்கிறது? தண்ணீரிலா, கம்பியிலா? மின்னேற்றிய ஜாடியிலிருந்த தண்ணீரை வேறொரு ஜாடியில் ஊற்றிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. காலியான பழைய ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றித் தொட்டார். அதிர்ச்சி அப்படியே இருந்தது. அப்படியானால் அது கண்ணாடியில்தான் தங்கியிருக்கிறது. படிவம் நான்கிலோ ஐந்திலோ நாம் பக்கம் பக்கமாகப் படிக்கிற மின்தேக்கிப் பாடத்தின் முதல் வரி இதுதான்.

அந்த ஜாடிக்கும் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு மோட்டார் டிரைவுக்குள் வரும் மூன்று கட்ட 400 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாற்றப்படுகிறது. அப்போது அது சுமார் 565 வோல்ட்டாக நிற்கும். அந்த மின்னழுத்தம் ஆடாமல் இருக்க, நடுவில் பருமனான மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். அவை மொத்தம் 1000 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 160 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க மருத்துவமனையில் கொடுக்கும் மின் அதிர்ச்சியும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். வெளி மின்சாரத்தைத் துண்டித்ததும் விளக்கு அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும். மின்தேக்கி மட்டும் பிராங்க்ளினின் ஜாடியைப் போல அமைதியாக வைத்திருக்கும். அதை வடித்துவிட உள்ளேயே மின்தடைகள் உண்டு. இத்தனை நிமிடம் காத்திருங்கள் என்று மூடியில் எழுதியும் இருக்கும். ஆனால் பழுதுபார்க்க வரும் கருவி பழுதான கருவி. வடிக்க வேண்டிய மின்தடையே எரிந்து போயிருக்கலாம். அதனால் காத்திருந்த பிறகும் மீட்டரை வைத்து அளக்காமல் கை வைக்கக் கூடாது.

இனி வான்கோழிக்கு வருவோம்.

1750 டிசம்பர் 23ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். மின்சாரத்தால் கொன்ற பறவையின் இறைச்சி மிகவும் மென்மையாக இருக்கும் என்று பிராங்க்ளின் நம்பினார். கோழிக்குச் சிறிய ஜாடிகள் போதும், வான்கோழிக்குப் போதாது. எனவே இரண்டு பெரிய ஜாடிகளை எடுத்தார். சாதாரண ஜாடி 40இல் சேரக்கூடிய மின்னூட்டம் அவை இரண்டிலும் ஏறியது. சுற்றிலும் நண்பர்கள், பேச்சும் சிரிப்பும். ஒரு கையில் ஜாடிகளின் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலி. மறு கை, ஜாடிகளின் உட்புறத்தை இணைத்த மேல் கம்பிகள் மீது பட்டுவிட்டது. வான்கோழிக்கு வைத்தது அவருக்கு இறங்கியது.

துப்பாக்கி வெடித்தது போலச் சத்தமும் பெரிய ஒளியும் வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கையில் அடிபட்டதைக்கூட உணரவில்லை. தலை முதல் கால் வரை உடம்புக்குள்ளிருந்து ஓர் அடி விழுந்தது போலிருந்தது; பிறகு உடல் கடுமையாக நடுங்கியது. என்ன நடந்தது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. கைகளும் பின்கழுத்தும் மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தன. மார்பெலும்பு நசுங்கியது போல் சில நாள் வலித்தது.

இரண்டு நாள் கழித்து இதையெல்லாம் பாஸ்டனில் இருந்த அண்ணன் ஜானுக்குக் கடிதமாக எழுதினார். மின்சார ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் போடினுக்கு மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லலாம், மற்றபடி ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவ்வளவு அப்பட்டமான தவற்றைச் செய்ததற்கு வெட்கப்பட்டார். அந்தக் கடிதம் அழியாமல் நமக்குக் கிடைத்தது நல்லதாயிற்று என்றுதான் நினைக்கிறேன். விபத்தைப் பற்றிய குறிப்பு என்ற முறையில் அதில் எல்லாமே இருக்கிறது: எந்தக் கை எங்கே இருந்தது, கவனம் எங்கே போனது, எவ்வளவு மின்னூட்டம், உடம்பில் எங்கெங்கே என்ன ஆனது. கூட்டம் சூழ்ந்து நிற்கப் பேசிக்கொண்டே வேலை செய்தது உட்பட.

மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மார்பு வழியாக மறு கையில் வெளியேறியது என்பதைக் கவனியுங்கள். இதயம் இருக்கும் வழி அது. மின் கருவியைத் திறந்து அளக்கும்போது முடிந்தவரை ஒரு கையை விலக்கி வைத்துக்கொள் என்று பழைய தொழில்நுட்பர்கள் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறது. அது காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால்தான் அது செயல்படும். தனியாக நிற்கும் மின்தேக்கியின் இரு முனைகளை இரண்டு கையால் தொட்டவரை அதற்குத் தெரியவே தெரியாது.

கம்பியின் கீழ் முனை

ஜாடியிலிருந்து வரும் பொறியும் மேகத்திலிருந்து வரும் மின்னலும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளிலேயே அவருக்கு இருந்தது. அதைச் சோதிக்க 1750இல் ஒரு திட்டம் எழுதினார். உயரமான கோபுரத்தின் மேல் காவல்காரர் நிற்கும் பெட்டி போல ஒன்றை வைக்க வேண்டும். அதனுள், மின்சாரம் கடத்தாத ஒரு மேடையிலிருந்து 20, 30 அடி உயரத்துக்குக் கூர்மையான இரும்புக் கம்பி மேலே போக வேண்டும். மேகம் கடக்கும்போது கம்பியிலிருந்து பொறி எடுத்துப் பார்க்கலாம். மேடையில் நிற்க அஞ்சினால், ஆள் தரையில் நின்றுகொண்டு, ஒரு முனை கூரையின் ஈயத் தகட்டோடு பிணைக்கப்பட்ட கம்பி வளையத்தை மெழுகுக் கைப்பிடியால் பிடித்து நீட்டலாம். பொறி அந்தக் கம்பிக்குப் போகும், ஆளுக்கு வராது என்றும் சேர்த்திருந்தார்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். உயர் மின்னழுத்தக் கூடங்களின் வாசலில் இன்றும் ஒரு கோல் தொங்கும். கைப்பிடி மின்சாரம் கடத்தாதது. நுனியில் உலோகக் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். மின்தேக்கி வெறுமையாகிவிட்டது என்று உறுதி செய்ய அதைத்தான் கடைசியில் மாட்டுவார்கள். மெழுகுக்குப் பதில் கண்ணாடி இழை வந்ததைத் தவிர மாற்றம் எதுவும் இல்லை.

அந்தத் திட்டத்தை முதலில் செய்து பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸுக்கு அருகில் மார்லி என்ற ஊரில் தாமஸ் பிரான்சுவா டாலிபார் நட்டு வைத்த கம்பியிலிருந்து 1752 மே 10ஆம் தேதி பொறி எடுத்தார்கள். அந்தச் செய்தி கடல் கடந்து வருமுன், ஜூன் மாதம், பிராங்க்ளின் மகன் வில்லியத்தோடு பட்டம் விட்டார் என்பது வரலாறு. படங்களில் அந்த மகன் சிறுவன். உண்மையில் இருபது வயது கடந்தவர். படங்களில் மின்னல் பட்டத்தின் மேல் விழுகிறது, உண்மையில் விழவில்லை. விழுந்திருந்தால் நமக்குப் பிராங்க்ளின் இல்லை. மேகத்தின் மின்னூட்டம் நனைந்த கயிற்றில் மெல்ல இறங்கி, கயிற்றில் கட்டிய சாவியில் பொறியாகத் தெரிந்தது. சாவிக்கும் கைக்கும் நடுவே ஒரு பட்டு நாடா இருந்தது. அது நனையாதபடி அவர் கூரைக்குக் கீழே நின்றார்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறிவியல் கழகப் பேராசிரியராக இருந்தவர் கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன். மேகத்தின் மின்னூட்டத்தை வெறுமனே காட்டாமல், எவ்வளவு என்று அளக்க விரும்பினார். வீட்டுக் கூரையில் கம்பி நிறுத்தி, அதிலிருந்து அறைக்குள் இணைப்புக் கொண்டுவந்து, ஒரு நூல் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் கருவியோடு சேர்த்தார். 1753 ஆகஸ்ட் 6ஆம் தேதி, அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி ஜூலை 26, புயல் வந்தது. கழகக் கூட்டத்திலிருந்து, படம் வரையும் சோகலோவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். கருவியைக் குனிந்து பார்த்தபோது கம்பியிலிருந்து நீல நெருப்புப் பந்து ஒன்று அவர் நெற்றியில் பாய்ந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது. நெற்றியில் சிவப்பு அடையாளம் இருந்தது. ஒரு காலின் காலணி கிழிந்திருந்தது. சோகலோவ் கீழே விழுந்தாலும் பிழைத்தார். அதே நேரத்தில் தம் வீட்டில் அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தவர் புகழ்பெற்ற ரஷ்ய அறிஞர் லோமனோசவ். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரிச்மன் ஏன் இறந்தார்? அவருடைய கம்பி நிலத்தோடு இணைக்கப்படவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. இணைத்தால் மின்னூட்டம் எல்லாம் நிலத்துக்கு ஓடிவிடும். அளக்க எதுவும் மிஞ்சாது. அளக்க வேண்டுமானால் கம்பி தனித்து நிற்க வேண்டும். காக்க வேண்டுமானால் அது நிலத்தைத் தொட வேண்டும். கூரையில் பார்த்தால் இரண்டு கம்பியும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாடு முழுவதும் கீழ் முனையில். நிலத்துக்கு வழியில்லாத மின்னல், வழியாக ரிச்மனை எடுத்துக்கொண்டது. நம் மொழியில் இடிதாங்கி என்கிறோம். அது எதையும் தாங்குவதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. வாங்கியதை உடனே மண்ணிடம் கொடுத்துவிடுகிறது.

இதே நிலை பட்டறை மேசையில் தினமும் வருகிறது. ஆசிலாஸ்கோப்பின் அளவைக் கம்பியில் உள்ள சிறிய கவ்வி, கருவியின் உடல் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். அதை டிரைவின் நேர்மின்சாரப் பகுதியில் மாட்டினால் எர்த் வழியாகப் பெரும் மின்சாரம் பாய்ந்து கருவி புகைந்துவிடும். இதைத் தவிர்க்கச் சிலர் ஆசிலாஸ்கோப்பின் எர்த்தையே கழற்றிவிடுகிறார்கள். நம் மூன்று முள் பிளக்கில் நீளமான முள்தான் எர்த். அதுதான் சாக்கெட்டின் உள் மூடியைத் திறக்கும். அதை வெட்ட முடியாது. எனவே பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் அப்படி ஒரு பிளக்கைப் பார்த்திருக்கிறேன். எங்கே என்பது இங்கே தேவையில்லை. அளவீடு அழகாக வரும். ஆனால் ஆசிலாஸ்கோப்பின் உலோக உடலே இப்போது சில நூறு வோல்ட்டில் நிற்கும். அதன் பொத்தானைத் திருகக் கை நீட்டுபவர் ரிச்மனின் இடத்தில் இருக்கிறார். இதற்கென்றே எர்த்தைக் கழற்றாமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் தனி அளவைக் கம்பிகள் உண்டு. விலை அதிகம், அதுதான் சிக்கல்.

பிராங்க்ளினுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது என்பதை அவர் வீட்டு மாடிப்படி காட்டுகிறது. 1752 செப்டம்பரில் தம் வீட்டிலும் ஒரு கம்பி நிறுத்தினார். அது கூரையிலிருந்து மாடிப்படி வழியாக இறங்கி, கிணற்று நீர் இறைக்கும் குழாயின் இரும்புத் தண்டோடு முடிந்தது. அதாவது நிலத்தோடு இணைப்பு உண்டு. ஆனால் படுக்கையறைக்கு எதிரே கம்பியை வெட்டி, ஆறு அங்குலம் இடைவெளி விட்டு, இரு முனையிலும் சிறு மணி கட்டினார். நடுவில் பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. மேகம் மின்னூட்டத்தோடு வரும்போது குண்டு இங்கும் அங்கும் ஆடி மணி அடிக்கும். ஓர் இரவு எழுந்து வந்து பார்த்தபோது, குண்டு ஆடாமல் நிற்க, மணிக்கும் மணிக்கும் நடுவே விரல் பருமனில் வெண்ணிற ஒளி ஓடியது. தரையில் கிடக்கும் ஊசியைக்கூட எடுக்கலாம் போல மாடிப்படி முழுவதும் வெளிச்சம்.

1757இல் அவர் லண்டன் போய்விட்டார். மனைவி டெபோரா அந்த மணிகளோடு வீட்டில் இருந்தார். இடி இடிக்கும்போதெல்லாம் வீட்டுக்குள் மணி அடித்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பயமாக இருக்கிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு வந்த பதிலில் பிராங்க்ளின் எளிய வழி சொன்னார்: ஒரு மணியிலிருந்து மறு மணிக்கு ஒரு துண்டுக் கம்பியைக் கட்டிவிடு, மணி அடிக்காது, மின்னல் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அறுந்த எர்த் இணைப்பைச் சேர்த்துக் கட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் நான் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இடைவெளியோடு குடும்பத்தைத் தூங்கவிட்டாரே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஊருக்கு அவர் கொடுத்த கம்பியில் இடைவெளி இல்லை. 1753ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தில் வீட்டை மின்னலிலிருந்து காப்பது எப்படி என்று அச்சிட்டார். இரும்புக் கம்பியின் ஒரு முனை ஈரமான மண்ணில் மூன்று நான்கு அடி ஆழம் போக வேண்டும். மறு முனை வீட்டின் உச்சிக்கு மேல் ஆறு எட்டு அடி நிற்க வேண்டும். நுனியில் கூராக்கிய பித்தளைக் கம்பி. ஈரமான மண் என்று அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது.

கம்பி எவ்வளவு பருமனாக, எவ்வளவு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தேவாலயம். நியூ இங்கிலாந்தில் நியூபரி என்ற ஊர். அங்குள்ள தேவாலயத்தில் இடிதாங்கி கிடையாது. மணியடிக்கும் சுத்தியலிலிருந்து கீழே கடிகாரம் வரை, பின்னல் ஊசி அளவு மெல்லிய கம்பி ஒன்று மட்டும் போனது. மின்னல் விழுந்தபோது மணிக்கு மேலிருந்த மரக்கூம்பு சிதறிப் பறந்தது. மணியிலிருந்து கடிகாரம் வரை, கம்பி இருந்த நீளம் முழுக்க, சுவரில் புகைக்கறையைத் தவிரச் சேதமே இல்லை. கம்பி முடிந்த இடத்திலிருந்து தரை வரை கட்டடம் மீண்டும் பிளந்தது. அடித்தளத்துக் கற்கள்கூடப் பெயர்ந்தன. இரு முனையிலும் இரண்டு அங்குலம் தவிரக் கம்பியைக் காணவில்லை, ஆவியாகிப் போயிருந்தது. நேரில் போய்ப் பார்த்த பிராங்க்ளின் 1755இல் டாலிபாருக்கு இதை விரிவாக எழுதினார். மெல்லிய கம்பியும் ஒரு முறை காப்பாற்றும், அடுத்த முறைக்கு இருக்காது என்பது அவர் கண்டது. டிரைவின் எர்த் கம்பி பருமனாக இருக்க வேண்டும், நடுவில் அறுந்திருக்கக் கூடாது என்று விதி சொல்வதும் இதையே. அதிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் ஓரளவு மின்சாரத்தை எப்போதும் உலோகப் பெட்டிக்குக் கசியவிடும். எர்த் இருக்கும்வரை அது மண்ணுக்குப் போகும். எர்த் அறுந்தால் பெட்டியிலேயே நிற்கும், யாராவது தொடும்வரை.

எதிர்ப்பும் வந்தது. 1755 நவம்பரில் பாஸ்டன் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் இடிதாங்கிகள் மீது சந்தேகப்பட்டார். வானத்து மின்சாரத்தையெல்லாம் மண்ணுக்குள் இறக்கினால் மண் அதிராதா என்பது அவர் வாதம். தவறுதான். ஆனால் நிலத்துக்குள் போன மின்சாரம் பிறகு என்ன ஆகிறது என்று அவராவது கேட்டாரே!

அரசர்களும் இதில் தலையிட்டார்கள். தேம்ஸ் கரையில் பர்பிளீட் என்ற இடத்தில் இருந்த வெடிமருந்துக் கிடங்குக்கு எப்படிப்பட்ட கம்பி வேண்டும் என்று ஆராய 1772இல் ராயல் சொசைட்டி குழு அமைத்தது. பிராங்க்ளினும் அதில் ஒருவர். கூர்நுனி என்றது குழு. பெஞ்சமின் வில்சன் மட்டும் மறுத்து மழுங்கிய நுனி என்றார். 1777இல் கம்பியிலிருந்து தள்ளியிருந்த ஒரு மூலையில் மின்னல் பட்டுச் சிறிது சேதம் ஆனது. அதற்குள் அமெரிக்கா பிரிட்டனோடு போரில் இருந்தது. பிராங்க்ளின் எதிரி நாட்டுத் தூதராகப் பாரிஸில் இருந்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தம் அரண்மனைக்கு மழுங்கிய நுனியே வைத்தார். கம்பியின் மேல் நுனியைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போட்டார்கள்.

அரசியல் வாழ்க்கை பலருக்கும் தெரிந்தது. 1776இல் சுதந்திரப் பிரகடனத்திலும், 1783இல் பாரிஸ் உடன்படிக்கையிலும், 1787இல் அரசியலமைப்பிலும் கையெழுத்திட்டார். பட்டம் விட்ட அன்று உடனிருந்த மகன் வில்லியம் பிரிட்டன் பக்கம் நின்றார். அந்தப் பிளவு கடைசிவரை ஆறவில்லை. தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். அடிமை முறையை ஒழிக்கக் கோரி 1790இல் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, 84 வயதில், பிலடெல்பியாவில் காலமானார்.

இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரான்சிலிருந்து திரும்பிய பிறகு, வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினார். அதற்காகக் கூரையிலிருந்த இடிதாங்கியை இறக்க வேண்டியிருந்தது. அவர் இல்லாத காலத்தில் ஒருநாள் வீட்டில் மின்னல் விழுந்ததும், அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பார்த்தபோது வீட்டார் பயந்ததைத் தவிர வேறு சேதம் இல்லாததும் ஏற்கெனவே நடந்திருந்தது. இறக்கிய கம்பியை எடுத்துப் பார்த்தார். ஒன்பது அங்குல நீளமும் அடியில் மூன்றில் ஒரு அங்குலப் பருமனும் இருந்த செம்பு நுனி ஏறக்குறைய முழுவதும் உருகிப் போயிருந்தது. அதைக் கீழேயுள்ள இரும்போடு சேர்த்த இணைப்பு மிகவும் மெலிதாகவே இருந்தது. அதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.